புளி போட்டுத் தேய்த்த தகடு

துருவைத்தான் எடை போடுவார்கள் என்று நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். ரசாயன ஆலையின் தி.நகர் அலுவலகத்தில் டைப் அடிப்பவனுக்கு வேறென்ன தெரியும்?

ஆலையில் கழிவு வாயுவிலிருந்து அமிலத்தைக் கழுவி எடுக்கும் இரும்புக் கோபுரம் உண்டு. அதை அரிப்பிலிருந்து காக்க, கழுவும் நீரில் புது மருந்து கலந்து, பலிக்கிறதா என்று பார்க்க மூன்று இரும்புத் தகடுகளை மூன்று மாதம் உள்ளே தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றை அடையாறு சோதனைக்கூடத்தில் சேர்ப்பது என் வேலை. நானோ முதல் நாளே வீட்டுக்கு எடுத்து வந்து, சமையலறை மேடையில் வைத்தேன்.

காலையில் ஒரு தகடு பளபளத்தது!

"துருப்பிடிச்சிக் கீதேன்னு புளி போட்டுத் தேச்சேன் சார். புளி தீந்துபோச்சு, மீதி ரெண்டையும் நாளைக்குத் தேய்க்கறேன்" என்றார் பாத்திரம் துலக்கும் செல்வி அக்கா.

மூன்று மாத உழைப்பு சாக்கடையில்! தகடுகளோடு சைதாப்பேட்டை வீட்டிலிருந்து ஆட்டோவில் பறந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதி, அதில் எழுத்துப்பிழை வேறு திருத்தினேன்.

சோதனைக்கூடத்து அம்மா பளபளத்த தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "எதால தேச்சாங்க?"

"புளி போட்டு, தேங்காய் நாரால மேடம். மன்னிச்சிடுங்க."

"எதுக்கு? நாங்களும் லேசான அமிலத்துல துருவைக் கழுவிட்டுத்தான் சார் எடை போடுவோம். எவ்வளவு இரும்பு குறைஞ்சிருக்குங்கறதுதான் கணக்கு. புளியும் அமிலம்தானே?"

மற்ற இரண்டையும் கழுவி, மூன்றையும் எடை போட்டு, தொங்கவிடும் முன் குறித்து வைத்திருந்த எடையோடு ஒப்பிட்டார்.

மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்திருந்தது; அதுவும் மிகக் கொஞ்சம். மருந்து பலித்திருந்தது.