கெசியா வண்ணம் பூசிய முகம்

கெசியா பில்ச்சைப் பற்றி நல்லபடியாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் என் யோக்கியதையும் சேர்ந்து வெளியே வரும். வரட்டும்.

லண்டனில் எங்கள் பட்டறையில் பிள்ளைகளுக்கான மாயக்கதைப் புத்தகங்களுக்குப் படம் தயாரித்தோம். ஓவியர் மரக்கட்டைமேல் பென்சிலால் வரைந்து அனுப்புவார். நான் செதுக்குவேன். செதுக்கச் செதுக்க அவர் வரைந்தது சீவலோடு போய்விடும். அந்தக் கட்டையிலிருந்து அச்சான தாள்களுக்குக் கெசியா வண்ணம் பூசுவாள். முதுகில் கூன், நீண்ட தாடை, வாய் அதைவிட நீளம்.

"மிஸ்டர் டிராண்டர், உங்க தேவதைக்கு ஆறு விரல் இருக்கே! மாப்பிள்ளை யாரு, நண்டா?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டாள். பட்டறையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கட்டையில் ஒரு பூதக்கிழவி. ஓவியர் வரைந்த முகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு கெசியாவின் முகத்தைச் செதுக்கினேன். கூனையும் விடவில்லை. முதல் தாள் கைக்கு வந்ததும் அவள் கொஞ்சநேரம் அதையே பார்த்தாள். பிறகு தூரிகையைப் பச்சையில் தோய்த்தாள்.

கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் சக்கைப்போடு போட்டது. தெருப்பிள்ளைகள் "பூதக்கிழவி டோய்!" என்று அவள் பின்னால் ஓடினார்கள். ஜனவரியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வேலைக்கு வர ஆரம்பித்தாள். நான்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். அடுத்த கட்டையைச் செதுக்கப் போய்விட்டேன்.

மறுபதிப்புக்கு அந்தப் பூதக்கிழவிக் கட்டை பட்டறைக்குத் திரும்பி வந்தது. கெசியா என் மேசைக்கு வந்தாள்.

"அந்த மூஞ்சிய மட்டும் தோண்டி எடுத்துட்டு, வேற மரத்துண்டு வச்சு வெட்ட முடியுமா, மிஸ்டர் டிராண்டர்?"

முடியும். அரைநாள் வேலை. ஆனால் ஏன் என்று முதலாளி கேட்பாரே.

"ஓவியர் போட்டத நான் எப்படி மாத்துறது? அவர் வரைஞ்சத அப்படியே வெட்டினேன், அவ்வளவுதான்" என்றேன். வரைந்ததுதான் சீவலாகிப் போயிற்றே, யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்ற தைரியம்.

"அந்தக் கட்டைய ஓவியர் வீட்டுலேருந்து தூக்கிட்டு வந்தது நான்தான்" என்றாள் கெசியா. "மழைக்கு ஒதுங்கினப்போ பிரிச்சுப் பார்த்தேன். அவர் வரைஞ்சிருந்தது தவளை மூஞ்சி. பார்க்கவே சிரிப்பா இருந்துச்சு."

கூசிப்போனேன். கட்டை அப்படியே அச்சுக்குப் போனது.

புதுத் தாள்கள் வந்ததும் கெசியா மேலே இருந்த ஒன்றை எனக்குத் தூக்கிக் காட்டினாள்.

"கன்னத்துக்கு இந்தப் பச்சை போதுமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போதும்" என்றேன். மன்னிப்புக் கேட்கவேண்டியவளிடம் நான் சொன்னது அவ்வளவுதான்.