பக்கத்து இருக்கையில் மெக்கானிக்

ராணுவ ஏலத்தில் அப்பா எடுத்த பழைய ஜீப்பை, உதிரி பாகங்கள் தேடித் தேடி எட்டு மாதத்தில் புதிதாக்கித் தந்தவர் ராஜபாளையத்து மெக்கானிக் ஒருவர். ஒல்லியான உடம்பு. யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். பிளவக்கல் அணைச் சரிவில் ஓட்டிப் பார்க்கலாம் என்று பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். எந்த வண்டியைச் சரிசெய்தாலும் அப்படித்தானாம்.

"நானே பாத்துக்கிடுதேன். உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி சிரமம்?" என்றேன்.

"நான் பிரேக் சரி பண்ணிக் குடுத்த ஜீப்புதான் சார் இதே சரிவுல கவுந்துச்சு. என் தம்பி ஓட்டிட்டுப் போனான், உசுரோட திரும்பி வரல. நான் பட்டறையில டீ குடிச்சிட்டு இருந்தேன். இனிமே பிரேக் பிடிக்கலைன்னா நானும் கூட இருக்கணும்லா."

சரிவில் இறங்கினோம். பிரேக் நன்றாகவே பிடித்தது. நான் மூச்சு விட்டேன். அவர் முகத்தில் நிம்மதி இல்லை. ஏமாற்றம் போல ஏதோ தெரிந்தது. அது என்னவென்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.