காருக்குப் போட்ட மாலை

அந்தக் காரை லொறி செட்டிலிருந்து முதன்முதலாக வெளியே தள்ளியபோது, "இதென்னடா, சவப்பெட்டிக்குச் சக்கரம் வச்ச மாதிரி!" என்று தொழிலாளர் லயமே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி ஓட்டிய என் அண்ணனும், தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதுரையும் சேர்ந்து பாடுபட்டுச் செய்த கார். ஓர் ஆள்தான் உட்காரலாம். அறுபதுகளின் தொடக்கம் அது. சின்ன இஞ்சின் கார்களுக்கென்று நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்தில் ஜூனியர் பந்தயம் தொடங்கியிருந்தது. விலைக்கு வாங்கிய பந்தயக் கார் அப்போது யாரிடம் இருந்தது? பழைய கார்களைப் பிரித்துத் தோட்டத்துப் பட்டறைகளில் பூட்டியவைதான் எல்லாம். "இந்த வருசம் ஜெயிச்சா, அடுத்த வருசம் நீ ஓட்டு" என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணனுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

பந்தயத்தன்று லயத்துச் சனமெல்லாம் லொறியில் போய் இறங்கினோம். புது வண்டி என்றால் எங்கள் ஆட்கள் சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் நகர விடமாட்டார்கள். பந்தயத்துக்கு இது ஆகாது என்று அண்ணன் மாலையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பியதும், செவ்வந்தி மாலையைச் சுருட்டிக் காரின் மூக்கிலிருந்த ஓட்டைக்குள் செருகி, "மாரியாத்தா, பாத்துக்க" என்று கும்பிட்டார். இஞ்சினைக் குளிரவைக்கும் காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் போகவேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது?

துரை ஓட்ட, முன்னணியில் போன எங்கள் கார் குப்பென்று ஆவி கக்கிக்கொண்டு எங்கள் எதிரிலேயே நின்றது. அண்ணன் ஓடினார், கயிற்றைத் தாண்டி நானும் ஓடினேன். மூக்குக்குள் கையை விட்டார். வெந்த பூ வந்தது. திரும்பி அம்மாவைப் பார்த்தார். பூவைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு துரையிடம், "தண்ணிக் குழாய நாந்தாங்க சரியா இறுக்கல" என்றார். என்னிடம், "அம்மாகிட்ட மூச்சு விடாத" என்றார்.

பாவி மனுசன்! அடுத்த வருடம் அந்தக் காரை டவுன்காரப் பையன் ஒருவன்தான் ஓட்டினான். பிறகு வெளிநாட்டிலேயே செய்த பந்தயக் கார்கள் வந்து இறங்கின. பட்டறைக் கார்களின் காலம் முடிந்தது. அண்ணன் கடைசிவரை கொழுந்து லொறிதான் ஓட்டினார். இன்று பேரன்கள் தொலைக்காட்சியில் கார்ப் பந்தயம் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அம்மாவோ சாகும்வரை வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை பேசினார். "அந்த வேகத்துல போயும் தொரை உசுரோட வந்தாருல்ல? நா வச்ச மாலதான் காப்பாத்துச்சு."

அண்ணன் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்வார்: "ஆமாம்மா. ஒங்க மாலதான்."