மூடிக்குள் வைத்த பொட்டு

பல வருஷத்துக்கு முன்பு, சிங்கப்பூரில் இருந்த என் தம்பி, தங்கைக்கு அண்ணன், ஊருக்கு வந்தபோது ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். பார்க்க வெறும் பட்டன் பலகைதான்; டிவியில் மாட்டினால் வேலை செய்யும். பெரம்பலூரில் எனக்கு ஒன்று, அரியலூரில் என் தங்கைக்கு ஒன்று. எழுத்துத் தெரியாத எனக்கு எதற்கு என்கிறீர்களா? எந்தப் பட்டனை அமுக்கினாலும் டிவியில் ஏதோ ஒன்று முளைக்கும். அது போதாதா?

போன கோடையில் கல்லூரி லீவுக்கு வந்த என் மகள் வயிற்றுப் பேத்தி இரண்டையும் போட்டுப் பார்த்தாள். என்னுடையதில் பாதிப் பட்டன் செத்திருந்தது. தங்கையுடையது புதுசு மாதிரி ஓடியது. அவ்வளவுதான், லீவு முழுக்கப் பேத்தி அரியலூரிலேயே தங்கிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதிலும் இப்படித்தான். ஒரே கடையில் ஒரே புடவை எடுத்தாலும் தங்கை கட்டினால்தான் எடுப்பாக இருக்கும். சரி, புடவைக் கதையை விடுங்கள்.

போனில் பேத்தியிடம் சண்டைக்கே போனேன்.

"ஏன்டி, நான் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் திருகாணிய கழட்டி, உள்ளார தொடச்சு, சந்தனப் பொட்டு வச்சேன். அவ அலமாரில போட்டுட்டுத் திரும்பிக்கூட பாக்கல. அவளோடது ஓடுது, என்னோடது ஓடலியா?"

"அதனாலதான் அம்மாயி! பட்டனுக்கு அடியில மெல்லிசா பிளாஸ்டிக் தாள் இருக்கு. அதுலேர்ந்து வாலு மாதிரி ஒண்ணு வந்து உள்ள சொருகியிருக்கு. வருஷமாச்சுன்னா காஞ்சு அப்பளமா போயிரும். மூடிய தொறந்தாலே வாலு மடங்கி ஒடையும். நீ பொட்டு வச்சே கொன்னுட்ட."

இந்த ஆயுத பூஜைக்குத் தங்கை வீட்டில் இருந்தேன். பேத்தி பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். தங்கை கம்ப்யூட்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, ஒன் வூட்டுல வப்பியே, அது மாதிரி இதுக்கும் உள்ளார பொட்டு வச்சு வுடேன்."

அவளுக்கு வால் விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு திருகாணியைக் கழற்றியும் விட்டேன். இவளுடையதும் செத்தால் பேத்தி என் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தங்கை சொன்னாள்: "ஒன்மேல எனக்கு எம்புட்டுப் பொறாம தெரியுமா? அண்ணன் மொதல்ல ஒனக்குத்தான குடுத்துச்சு."

அட! இத்தனை வருஷமா? காது குளிர்ந்துபோனது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"தொறக்காதடி, உள்ள ஒடைஞ்சுரும்" என்று சொல்லி, கழற்றிய இரண்டையும் முடுக்கினேன். யாரும் கை வைக்காதபடி ஐந்து திருகாணித் தலையிலும் சந்தனத்தை அப்பினேன்.

என்னுடையதற்குப் புதுத் தாள் வாங்கித் தருவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள். அது வரும்வரை வயிறு கொஞ்சம் எரிந்துகொண்டுதான் இருக்கும்.