முப்பத்தொரு டப்பா

கொல்லிமலையில் பிறப்புப் பதிவு எழுதிய அந்தப் பெரியவரை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. பைல் நாடு, திண்ணனூர் நாடு என்று மலையூர்கள் பிரிந்திருக்க, நாட்டுக்கொரு பதிவேடு. எந்தக் குழந்தை எந்தப் பதிவேட்டில் என்று சீட்டெழுதி, பிறந்த தேதிப்படி முப்பத்தொரு பிஸ்கட் டப்பாக்களில் போட்டிருந்தார். மாதம், வருடமெல்லாம் கலந்து கிடக்கும். தேதியைச் சொன்னால் மூடியை நகத்தால் தட்டிவிட்டு நொடியில் எடுப்பார்.

தட்டம்மை பரவியபோது தடுப்பூசிப் பெட்டியோடு போய் நின்றேன்.

"ஒண்ணுலிருந்து மூணு வயசு வரைக்கும் யார் யாருங்க?"

"அப்படிக் கேட்டா அத்தனை டப்பாவையும் கொட்டோணுங்க நர்சம்மா. ஏதாச்சும் ஒரு புள்ளையோட தேதி சொல்லுங்க, இப்பவே எடுத்துத் தாரேன்."

முகத்தில் அத்தனை பெருமை. என் பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

அம்மை போட்ட பிள்ளையின் தேதியை அதன் தாயே சொல்லிவிடுவாள். இன்னும் அம்மை போடாத பிள்ளைகளைத் தேடித்தானே ஐயா நான் மலையேறி வந்தேன்?