நெஞ்செரிச்சலுக்கு நான் சொல்லும் இரண்டாம் சாட்சி

பிரியமானவர்களே, "என் நெஞ்செரிச்சலைக் கர்த்தர் எடுத்துப்போட்டார்" என்று போன வருடம் இதே இடத்தில் சாட்சி சொன்னவள் நான். அது போகவில்லை. நான் ஏமாந்தேன்.

எனக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வடக்குப்பட்டில் வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டு அப்படியே படுத்துவிடுவேன். பல வருடமாகப் புளிப்பு தொண்டைவரை ஏறும். டாக்டர் கொடுத்த மாத்திரையில் அடங்கியிருந்தது. எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் அக்கா, பெயர் சொல்ல மாட்டேன், என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். என் தலையில் கை வைத்து ஜெபித்து, "சொகம் கெடச்சாச்சு. இனிமே மாத்திர போட்டா அது அவிசுவாசம்" என்றார். அந்த ஞாயிறே சாட்சி சொன்னேன். மாத்திரையைக் குப்பையில் போட்டேன்.

எரிச்சல் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. சாட்சி சொன்னவள் அதை யாரிடம் சொல்வது? சில மாதத்தில் இட்லிகூட நெஞ்சில் நின்றது. உடம்பு இளைத்தது.

ஒரு நாள் கேன்டீனில், டிபனுக்கு முன்னால் அக்கா மாத்திரை போடுவதைப் பார்த்தேன். நான் தூக்கி எறிந்த அதே மாத்திரை.

"இன்னாக்கா இது?"

"நான் சபையில சாட்சி சொல்லலியே. நீ சொல்லிட்ட. சொன்ன வாயால மாத்திர போட்டா ஜனங்க இன்னா பேசுவாங்க?"

எந்தப் புளிப்பும் என்னை அந்தப் பேச்சைப்போல் எரித்ததில்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கியிருந்தது. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "ஆண்டவரே, புற்றுநோய் மட்டும் வேண்டாம், என் மகளுக்கு என்னை விட்டால் ஆளில்லை." வேறு ஜெபம் எனக்கு வரவில்லை. அவர் ஜெபத்தைக் கேட்டார். புற்றுநோய் இல்லை. பலூன் வைத்துச் சுருக்கத்தை விரித்தார்கள். கஞ்சி தடையில்லாமல் இறங்கியபோது அழுதுவிட்டேன்.

"சர்க்கர வியாதி மாதிரிதாம்மா, அடக்கி வச்சுக்கலாம். மாத்திரய நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டரம்மா. இப்போது சாப்பிட்ட உடனே படுப்பதில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். காலையில் ஜெபித்துவிட்டு மாத்திரை போடுகிறேன். திரும்பவும் குழாய் விட்டுப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள், போவேன்.

என்னைப்போல் வெட்கப்பட்டு மறைப்பவர்களே, கர்த்தரை நம்புங்கள், மருந்தையும் சாப்பிடுங்கள். அந்த அக்கா இன்றும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரை மன்னிக்கப் பெலன் தாரும் என்று தினமும் கேட்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்த பிறகுதான் அதற்குச் சாட்சி சொல்வேன்.