தனுஷ்கோடி அண்ணாச்சி அழிக்கச் சொன்ன பெயர்

ஒரு மனுஷன் தன் பெயரைத் தானே அழிக்கச் சொல்கிறான் என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது. முப்பது வருஷமாகப் பெயர் எழுதியே வயிறு வளர்க்கிறவன் நான். எனக்கா தெரியாது?

தனுஷ்கோடி அண்ணாச்சி அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை வைத்திருக்கிறார். கோயில் டியூப்லைட்டில் 'உபயம்: தனுஷ்கோடி' என்று வெளிச்சமே வராத அளவுக்குப் பெரிதாக எழுதச் சொன்ன ஆள். தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூட பீரோ, பந்தல்குடி பஸ் ஸ்டாப்பில் சிமெண்டு பெஞ்சு என்று பதினொரு இடத்தில் அவர் பெயர் இருந்தது. எல்லாம் என் கைவேலை. ஓர் எழுத்து சிறுத்துவிட்டால் போதும், வறுத்தெடுத்துவிடுவார். ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் 'சங்கர் ஆர்ட்ஸ்' என்று பொடி எழுத்தில் போட்டுக்கொள்வேன். அது எங்கள் தொழில் வழக்கம்.

போன தை மாசம் அவருக்கு மதுரையில் நெஞ்சு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். என்னைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"சங்கரு, வெள்ளிக்கெழம ஆபரேஷன். அதுக்குள்ள என் பேரு இருக்கிற எடத்தையெல்லாம் அழிச்சிரு."

"என்ன அண்ணாச்சி, திடீர்னு?"

"நெஞ்சப் பொளந்து பாத்தா உள்ள தனுஷ்கோடின்னா எழுதியிருக்கும்? உசுருக்குப் பேரு கெடையாதுய்யா. நான் நான்னு கத்துறது வேற ஒண்ணு. அதக் கட்டிக்கிட்டே செத்துருவேனோன்னு பயமா இருக்கு. யார்ட்டயும் சொல்லிராத."

அடேயப்பா! ஊரறிந்த ஓட்டை வாயன் நான். என்னிடம் போய் யாரிடமும் சொல்லாதே என்றால் என்ன அர்த்தம்? பெயரை அழித்தவர் என்றும் ஒரு பெயர் வாங்கப் பார்க்கிறார். நானா ஏமாறுவேன்? வீம்புக்கு ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பதினொன்றையும் அழித்தேன். கீழ் மூலையை மட்டும் தொடவில்லை. அவர் பெயரைத்தானே அழிக்கச் சொன்னார்?

ஆள் பிழைத்து வந்துவிட்டார். இனி தானே சொல்லிக்கொண்டு திரிவார் என்று காத்திருந்தேன். மூன்று மாசம் ஆகியும் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

ஒருநாள் வேலையாக வண்டியில் பந்தல்குடி போனபோது, அதே பெஞ்சில் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு மாட்டினார் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பூக்கூடையோடு ஒரு அம்மா வந்து அமர்ந்தார். அண்ணாச்சியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"யக்கா, இந்த பெஞ்சு யாரு போட்டதுன்னு தெரியுமா?"

அந்தம்மா குனிந்து தேடினார்.

"சங்கருன்னு என்னமோ போட்ருக்கே. எந்த மகராசனோ, நல்லா இருக்கட்டும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அண்ணாச்சி அந்த மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவுகதாம்மா அந்தச் சங்கரு" என்றார்.

அந்தம்மா என்னைக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்! அண்ணாச்சி முகத்தில் கேலி எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. பஸ்ஸு வந்தது, இருவரும் ஏறிப் போய்விட்டார்கள்.

வெட்கமாகத்தான் இருந்தது. வண்டிப் பெட்டியில் வெள்ளை பெயிண்டு இருந்தது. அந்த மூலையை அழிக்க ஒரு நிமிஷம் போதும். குனிந்து பார்த்தேன். என் பெயர் கொஞ்சம் மங்கியிருந்தது. கறுப்பு டப்பாவைத் திறந்து, அதன்மேல் இன்னொரு தரம் இழுத்துவிட்டேன்.